டயருக்குப் போட்ட முக்குறி

மச்சான்,

இன்று காலை தேநீர்க் கோப்பையைக் கழுவும்போது எலுமிச்சை மணத்தது. தங்கச்சி புதிதாக வாங்கி வைத்த சவர்க்காரம். உலகத்தில் உள்ள மற்ற எல்லோருக்கும் அது கோப்பை கழுவுகிற மணம். எனக்கு அது டிராக்டர் டயரின் மணம். யன்னலால் எட்டிப் பார்த்தேன். கொட்டிய பனி நின்றிருந்தது. குளிர் எப்படிப்பட்டது என்றால், பக்கத்து வீட்டு நாய் குரைத்த குரைப்பு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. பாதி வழியில் உறைந்து பனிக்குள் விழுந்து புதைந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, டிராக்டர் நிற்கிற பிளாசாவின் மரக்கறிக்கடை அக்காவிடமிருந்து தொலைபேசி.

"தம்பி, குறி உடைஞ்சு கிடக்கு."

"எந்தச் சில்லிலை அக்கா?"

"இடப்பக்கத்துப் பின் சில்லு. நல்லா விலகியிருக்கு. நான் கை வைக்கேல்லை, சொல்லிப்போட்டன். வந்து நீயே பார்."

இந்தப் பேச்சை வேறு யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் ஏதோ கோயில் தேர்ச் சக்கரத்து வழக்கு என்று நினைத்திருப்பார்கள். நீ கேட்டிருந்தால் தேநீரைக் குடித்தும் குடியாமலும் வைத்துவிட்டு வாசலுக்குப் போயிருப்பாய். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் நீ போனால் அது படையெடுப்பு. நான் போனது, மடியில் நெருப்பு விழுந்தவன் ஓடுகிற ஓட்டம்.

இன்று தங்கச்சிக்கு டயாலிசிஸ் நாள். வான் வந்து அவளை ஏற்றிக்கொண்டு மோர்னிங்சைட் பிளாசாவுக்குப் போகும். கிளினிக் இருப்பது பிளாசாவின் மேல் பக்கத்தில். கீழ்ப் பார்க்கிங்கிலிருந்து மேலே போக அந்த ஒரே ஏற்றம்தான். படிக்கட்டைப் பனிக்காலத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஏற்றத்தில் பனி கிடந்தால் வான் ஏறாது. வான் ஏறாவிட்டால் அவளுடைய இரத்தம் கழுவப்படாது. ஒருமுறை தவறினால் கால் எப்படி வீங்கும், படுக்கும்போது மூச்சு எப்படி இழுக்கும் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் எல்லாரும் எல்லாரையும் மச்சான் என்பார்கள். நானும் உன்னைப் பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் குந்தியிருந்தபோதே அப்படித்தான் கூப்பிட்டேன். நீ என் தங்கச்சியைக் கட்டி, அந்த வாய்வார்த்தையைச் சட்டமாக்கினாய். பிறகு இந்த நாட்டுக்கு வந்து, உங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் எனக்கு ஓர் அறை தந்து, என்னை ஒரு சிற்றரசனாக்கினாய். அந்தச் சிற்றரசனுக்கு இப்போது மேல்மாடியையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பிளாசாவின் பனியை நீ ஏன் ஒப்பந்தத்துக்கு எடுத்தாய் என்று பலபேர் கேட்டார்கள். உடம்பு நோகாமல் வேலை செய்து ஓய்வெடுத்த மனிசன், அறுபது தாண்டி டிராக்டரில் ஏறுவானேன் என்று. அவர்களுக்கு அந்தப் பின்னேரம் தெரியாது. முன்பு பனி தள்ளிய ஆட்கள் பிந்தி வந்த ஒரு நாள், வான் ஏற்றத்தின் அடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. தங்கச்சி கட்டிலில் சாய்ந்து கிடந்தாள், கால் இரண்டும் பூசணி. நீ கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அவளுடைய காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாய்: "இனி அந்த ஏத்தத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய டிராக்டர் வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டக்காரரிடம் நீ கண்டுபிடித்த பொருள். இராவணன் புட்பக விமானம் வாங்குமுன் வைத்திருந்தது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அதை நீயே ஓட்டிக்கொண்டு ஸ்காபரோவுக்குள் நுழைந்த காட்சியை இந்த ஊர் மறக்காது. நீ நடு வீதியில் தேர். உனக்குப் பின்னால் கார்கள், தேருக்குப் பின்னால் மண்ணில் உருண்டு வருகிற அடியார்களைப்போல ஊர்ந்து வந்தன. ஹோர்ன் சத்தம்தான் மேளம். நீ இரண்டு பக்கமும் தலையை ஆட்டி அருள்பாலித்துக்கொண்டு வந்தாய்.

பதவிகளும் அன்றே பிரிக்கப்பட்டன. நீ சாரதி. நான் உப்புத் துறை மகாமந்திரி. நீ தள்ளிய இடத்தில் வாளியால் உப்புத் தூவிக்கொண்டு வருவது என் இலாகா. அந்தப் பதவியில் நான் தூவிய உப்பைக் கடலில் கொட்டியிருந்தால் மீன்கள் கருவாடாகவே பிடிபட்டிருக்கும்.

இன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கடைக்குப் பின்னால் டிராக்டருக்குப் பக்கத்தில் காவல் நின்றார். தலையைச் சுற்றிச் சால்வை, கையில் கற்பூரத் தட்டு. நான் குனிந்து பார்த்தேன். ரிம்மிலிருந்து டயருக்கு நேராக ஓடவேண்டிய மூன்று வெள்ளைக் கோடுகளும் ஓரத்தில் முறிந்து, ரிம்மில் பாதி, டயரில் பாதியாக நின்றன. நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. நேற்றுப் பின்னேரம் விழுந்த பனியைத் தள்ளும்போது வழுக்கியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை; நான் மேலே இருந்து ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

அந்த மூன்று கோட்டின் சரித்திரத்தை உனக்கே சொல்லுவது திருப்பதிக்கே லட்டு அனுப்புகிற வேலைதான். இருந்தாலும் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

ஓர் இலையுதிர்காலத்தில் பின் டயர் பிளந்துபோக, நாங்களே புதியதைப் போடுவோம் என்றாய். டயரோ ரிம்முக்குள் இறங்க மாட்டேன் என்று கலியாண வீட்டு மாப்பிள்ளைபோல முறுக்கிக்கொண்டு நின்றது. நீ வீட்டுக்குப் போய், எலுமிச்சைச் சவர்க்காரப் போத்தலைக் கொண்டுவந்து முழுவதையும் ஊற்றினாய்.

"வழுக்கினால்தான் மச்சான் ஏறும்."

"வழுக்கி ஏறினது வழுக்கிக்கொண்டு இறங்காதோ?"

"உனக்கு வாயிலை எப்பவும் அவச்சொல்தான்."

டயர் ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் சவர்க்கார நுரைக்குள் நின்று கைகொடுத்தோம். முதல் பெருங்குளிர் வந்தது. சவர்க்காரம் காயவில்லை. டயருக்குள் இருந்த காற்றும் குளிருக்கு ஒடுங்கி, இறுக்கம் தளர்ந்தது. எஞ்சின் ரிம்மைச் சுற்றுகிறது. ரிம் டயரைச் சுற்றவேண்டும். டயரோ பனிக்கட்டியில் பல்லைப் பதித்துக்கொண்டு, "நீ முன்னாலை போ, நான் ஆறுதலா வாறன்" என்று ரிம்முக்குச் சொல்லிவிட்டு நின்றது. தள்ளுகிற பாரம் கூடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ரிம்மில் வழுக்கியது.

நீ ஒரு மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டாய். அவன் சொன்னதை என்னிடம் திருப்பிச் சொன்னபோது உன் குரலில் விளையாட்டு இருக்கவில்லை. டயர் நகர்ந்தால் உள்ளே டியூபும் சேர்ந்து நகரும். ஆனால் காற்றடிக்கிற வால்கட்டை ரிம்மின் துளையால் வெளியே தலை நீட்டி நிற்கிறது, துளை நகராது. வால்கட்டை சாய்ந்து சாய்ந்து ஒருநாள் கழுத்தறுந்தால் காற்று முழுவதும் ஒரே மூச்சில் போய்விடும். சமதரையில் போனால் சிரித்துவிட்டு வீட்டுக்கு நடக்கலாம். ஏற்றத்தில் போனால் டிராக்டர் நின்ற இடத்தில் நிற்காது.

ரிம்மிலிருந்து டயருக்கு ஒரு கோடு கீறிவிடு, கோடு உடைந்தால் டயர் வழுக்கிவிட்டது என்று அர்த்தம், கழற்றிச் சரிசெய் என்றும் அவன் சொல்லியிருந்தான். நீ பனிக்குக் கரையாத தடித்த மெழுகுச் சோக்கு ஒன்று வாங்கி வந்தாய். ஒரு கோடு கீறினாய். சற்று நின்று யோசித்தாய். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று.

"ஏனடாப்பா மூண்டு?"

"சைவப் பிள்ளை ஒத்தைக் கோடு போடுறதோ?"

அப்படித்தான் இரண்டு பின் சில்லுகளும் நெற்றித் திருநீறுபோல முக்குறி தரித்தன. சில்லு கால்வட்டம் சுற்றினால் குறி நாமமாக நிமிர்ந்துவிடும். இன்னும் கால்வட்டம் சுற்றினால் மறுபடியும் சைவம். பார்க்கிங்கை ஒருதரம் சுற்றி வருவதற்குள் உன் டிராக்டர் நூறு தரம் மதம் மாறியது. இரண்டு பக்கத்து ஆச்சாரியார்களும் வந்து வாதிட்டிருந்தால் அதன் கீழேயே நசிந்திருப்பார்கள் என்று நான் சொல்ல, நீ ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாய்.

இரண்டாம் நாளே இடப்பக்கத்துக் குறி உடைந்தது. டயரைக் கழற்று என்றேன். கழற்றினால் வானுக்கு யார் பனி தள்ளுவது என்றாய். அன்றிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ குசினிக்குள் புகுந்து சர்க்கரைப் பாகு காய்ச்சினாய். பயத்தம் பணியாரத்துக்குக் காய்ச்சுகிற அதே கம்பிப் பதம். மறுநாள் அதைக் கொண்டுபோய் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் கரண்டி கரண்டியாக விட்டாய். ஒட்டுகிற சாமான் ஒட்டத்தானே வேணும் என்பது உன் விஞ்ஞானம். குறியையும் நேராக்கி வைத்தாய்.

அடுத்த சனிக்கிழமை நேராக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் நேராக இருந்தது.

"பாத்தியே மச்சான், மயிரிழை அசையேல்லை. பாகு பிடிச்சிட்டுது."

நான் உன்னைப் புகழ்ந்தேன். பாகு கண்ட பரமன் என்றேன். இந்த நாட்டு விஞ்ஞானிகள் எல்லாம் மூட்டை கட்டலாம் என்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பூனை பிராண்டிக்கொண்டே இருந்தது. வால்கட்டை கொஞ்சம் சாய்ந்திருப்பதுபோல் எனக்குத் தெரிந்தது. குறி நேராக இருக்க வால்கட்டை எப்படிச் சாயும் என்று என்னையே நான் அடக்கினேன்.

பிறகு அந்தக் காலை. வான் அடியில் வந்து நின்றது. உள்ளே யன்னல் பக்கம் தங்கச்சி, கம்பளித் தொப்பிக்குள் பாதி முகம். நீ அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு ஏற்றத்தில் விட்டாய். டிராக்டரின் முன்னால் பூட்டிய இரும்பு வாளி பனியைக் குவித்துக்கொண்டு போயிற்று. நான் ஓரமாக உப்போடு. பாதி வழியில் ஒரு சத்தம். ஆயிரம் நாகம் ஒன்றாகச் சீறியது என்று பிறகு எல்லாருக்கும் சொன்னேன்; உண்மையில் அது ஒரு சின்னச் சத்தம்தான். யாரோ பெருமூச்சு விட்டதுபோல. இடப்பக்கத்துச் சில்லு முழங்கால் மடித்த யானையாகச் சரிந்தது. டிராக்டர் ஒருகணம் யோசித்தது. பிறகு பின்னால் வழுக்கத் தொடங்கியது, வானை நோக்கி.

என் வாய் எத்தனை புளுகு விட்ட வாய். அன்றைக்கு அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வான் சாரதி பின்னுக்கு எடுக்கப் பார்க்கிறார். வானின் சில்லு நின்ற இடத்திலேயே சுழல்கிறது. தங்கச்சி யன்னலில் கையை வைத்துக்கொண்டு உன்னையே பார்க்கிறாள். நீ வாளியின் பிடியைக் கீழே அழுத்தினாய். வாளியின் விளிம்பு கட்டிப் பனியைக் கிழித்துக்கொண்டு இழுபட்டு, இழுபட்டு, எங்கோ தாரில் கொளுவி நின்றது. டிராக்டருக்கும் வானுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் புகலாம். என்னுடைய வயிறுள்ள ஆள் புகமுடியாது.

நீ இறங்கினாய். கையில் ஒட்டிய பனியைத் தட்டினாய்.

"உன்ர தங்கச்சியைக் கண்டதும் டிராக்டர் முட்டுக்காலிலை நிண்டிட்டுது பாத்தியே. இவ்வளவு காலம் நான் நிக்கேல்லையாம் எண்டு இனிப் பேசப்போறாள்."

சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ சிரிக்கிறபடியால் சிரித்தேன். மிச்ச வழியை இரண்டுபேருமாகப் பனி அள்ளுகிற சவளால் வெட்டினோம். வான் டிராக்டரின் விலாவை உரசாமல் ஊர்ந்து ஏறியது. அவள் அன்றைக்கும் தவறவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த மரக்கறிக்கடை அக்கா சில்லைப் பார்த்தார். வால்கட்டை துளைக்குள் அறுந்து கிடந்தது. குறி மட்டும் இவ்வளவு தூரம் விலகி. அக்கா நெஞ்சில் கைவைத்தார்.

"போன வெள்ளியும் இதே கோலந்தான் தம்பி. நான்தான் அழிச்சுப்போட்டு நேராக்கி விட்டனான்."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"வெள்ளிக்கு வெள்ளி கடைக்கு கற்பூரம் காட்டிப்போட்டு உதுக்கும் காட்டுறனான். குறி உடைஞ்சு கிடந்தால் அவலட்சணம் எல்லே. சோக்கும் உதிலை கிடந்தது. சுடுதண்ணித் துணியாலை துடைச்சு, வடிவா, நேரா... நீங்கள் அவசரத்திலை கோணலாப் பூசிப்போட்டுப் போறியள் எண்டு நினைச்சன்."

பாகு பிடித்த இரகசியம் அதுதான். டயர் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. அக்கா தன்பாட்டில் வெள்ளிதோறும் பக்தியாக அதை மறைத்துக்கொண்டிருந்தார்; நாங்கள் குனிந்து பார்த்தது சனியில். வேறெந்தச் சாதிசனத்தின் டிராக்டருக்கும் இந்த ஆபத்து வந்திராது. எனக்கு அக்காவின் மேல் வந்த கோபத்தில் பிளாசாவின் பனி முழுவதும் ஆவியாகியிருக்கும். நீ என் கையைப் பிடித்து அமர்த்தினாய்.

"அக்கா, நேராக்கினது பிழையில்லை. இனி உடைஞ்சு கிடந்தால் கை வையாமல் எங்களுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. உங்களைவிட வேற ஆர் ஒவ்வொரு கிழமையும் குனிஞ்சு பாக்கினம்?"

அன்றிலிருந்து அக்கா டயர் இலாகா. டயரைக் கழற்றக் கொண்டுபோன இடத்தில் மெக்கானிக் ரிம்மில் ஒட்டியிருந்த மண்ணிறப் பசையை விரலால் எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "மேப்பிள் பாகா?" என்று கேட்டான். நீ மிகவும் கௌரவமாக, "இல்லை, பனங்காட்டுச் சமாச்சாரம்" என்று அவனுக்கு விளங்காத தமிழில் சொன்னாய். அவன் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, ஒழுங்காகப் போட்டுத் தந்தான். பிறகு வந்த பனிக்காலங்களில் குறி உடையவே இல்லை.

போன கோடையில் நீ கறிவேப்பிலைச் சாடியை வெயிலுக்குத் தூக்கி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். எழும்பவில்லை. நோய்க்காரி அவள், போனவன் நீ. அவள் அந்தக் கிழமையும் டயாலிசிசுக்குப் போனாள். உன் செத்தவீட்டுக்கு வந்த சனம் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தது. நான்தான் கூட்டிப் போனேன்.

இந்தப் பனிக்காலம் சாரதி ஆசனம் என்னுடையதாயிற்று. மகாமந்திரி அரசனாகிற கதைகளில் எல்லாம் அவன் சந்தோசமாக ஆகிறான். நான் ஒவ்வொரு முறையும் அந்த ஏற்றத்தின் அடியில் நின்று, உன்னைப்போல கையைக் காட்டிவிட்டு, உன்னைப்போல விடுவதாகப் பாசாங்கு பண்ணினேன்.

இன்று காலை காற்றளவு பார்த்தேன். குளிருக்கு மிகவும் இறங்கிப் போயிருந்தது. பம்பை வைத்து அடித்தேன். டயர் நிமிர்ந்தது. ஆனால் வால்கட்டை சாய்ந்தே நின்றது, கழுத்துச் சுளுக்கினவன் மாதிரி. பிடிக்கும் போலவும் இருந்தது. பிடிக்காது போலவும் இருந்தது. மேலே ஏறி இருந்தேன். எஞ்சினை இயக்கினேன். ஏற்றத்தின் அடிவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். பனி முழங்காலளவு கிடந்தது. வான் நிற்கப்போகிற இடம் எனக்கு நேர் பின்னால். நீயென்றால் விட்டிருப்பாய் என்று நினைத்தேன். என் கால் கிளட்ச்சை விட்டு எழும்பவில்லை.

தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் வானுக்காக வெளிக்கிட்டு இருந்தாள்.

"டயர் வழுக்கிட்டுது பிள்ளை."

"காத்து அடிச்சியே?"

"அடிச்சன். எண்டாலும்..." சொல்லுவதற்கு ஒரு புராணமே வாயில் இருந்தது. வரவில்லை. "நான் ஏத்தமாட்டன். பயமாக் கிடக்கு."

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சவள் இருக்கே?"

"இருக்கு."

"அப்ப ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வெட்டு. நான் நடந்து ஏறுறன்."

"உன்னாலை ஏலுமே?"

"ஏலாட்டி நடுவிலை நிண்டு உன்னைப் பேசுறன். அதுக்கு மூச்சு இருக்கு."

வெட்டினேன் மச்சான். அகத்தியர் கடலைக் குடித்ததை நான் இனிப் பெரிதாக மதிக்கமாட்டேன்; அவருக்குக் குடிக்கத்தான் சொன்னார்கள், சவளால் அள்ளச் சொல்லவில்லை. அக்கா கடையிலிருந்து கல்லுப்புப் பைகளை இழுத்து வந்து, சமையலுக்குத் தூவுகிற மாதிரி விரலால் அளந்து அளந்து தூவினார். குழம்புக்கு இல்லை அக்கா, வீசுங்கோ என்றேன். கைப்பழக்கம் தம்பி என்றார். வான் வருவதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை மேல்வரைக்கும் போயிருந்தது. 

வான் சாரதி, அந்தப் பஞ்சாபிக்காரர், தள்ளுநாற்காலியை எடுத்தார். அந்த அகலத்தில் அது போகாது. தங்கச்சி இறங்கி என் முழங்கைக்குள் கையைக் கொளுவினாள். சாரதி எங்களுக்குப் பின்னால், விழப்போகிற பூசணிக்காயைப் பிடிக்க நிற்பவர்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். அவள் அடியை எடுத்து வைக்கும்போதெல்லாம் நான் அவளுடைய காலைப் பார்த்தேன், என்னுடையதைப் பார்க்கவில்லை. இரண்டுதரம் சறுக்கினது நான்தான்.

பாதியில் நின்றாள். அன்றைக்கு டிராக்டர் சரிந்த இடம் ஏறக்குறைய அதுதான். மூச்சு வாங்கியது. வெள்ளையாக வந்து போனது.

"நல்லாப் பயந்திட்டியோ அண்ணை?"

"ஓம்."

"அவரும் பயந்தவர்."

"ஆர், அவனோ? வழுக்கிக்கொண்டு வந்தும் சிரிச்சுக்கொண்டு இறங்கினவன்."

"உனக்குத்தான் சிரிச்சவர். அண்டைக்கு வீட்டை வந்து சாப்பிட்டதெல்லாம் வெளியிலை வரச் சத்தி எடுத்தவர். பிறகும் அப்பிடித்தான். பனி வருமெண்டு ரேடியோவிலை சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கி வைச்சிருந்தவர்."

"ஏனாம்?"

"நீ பயந்தால் ஆர் உப்புப் போடுறது எண்டு கேட்டார்."

பிறகு மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே கிளினிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு தாதி நின்றார். தங்கச்சி என் கையிலிருந்து தன் கையை எடுத்தபோது, அவள் பிடித்திருந்த இடம் நொந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறாள்.

இப்போது அவள் உள்ளே, மெசினோடு. நான் வெளிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். யன்னலால் பார்த்தால் கீழே உன் டிராக்டர் தெரிகிறது.

எத்தனை பனிக்காலம் நாங்கள் இருவரும் அந்த ஏற்றத்தில் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர் போய் வந்தோம். நீ பயத்தைக் காட்டினால் நான் உப்புப் போடமாட்டேன் என்று நீ சிரித்தாய். நான் பயத்தைக் காட்டினால் நீ ஏற்றமாட்டாய் என்று நான் புளுகினேன். இராவணன், அகத்தியர், நாகபாம்பு எல்லாரையும் அதற்காகத்தான் கூலிக்குப் பிடித்து வைத்திருந்தேன். நீ அதில் ஒன்றையாவது நம்பினாயா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. கேட்க ஆளில்லை. உன் பதவியும் உன் சில்லும் எனக்கு வந்தன என்று நினைத்திருந்தேன். நீ எனக்குக் காட்டாமல் விழுங்கி வைத்திருந்ததும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதையும் நான்தான் கொண்டு திரிகிறேன், பாரமாகத்தான் இருக்கிறது.

மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வந்து டயரைக் கழற்றுவான். அது நாளைக்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வருவாள். கழுவி முடிந்து வரும்போது அவளுக்குத் தலை சுற்றும், உனக்குத் தெரியும். ஏறினதை இறங்கவேண்டும். இறக்கம் ஏற்றத்தைவிடப் பொல்லாதது. வெட்டிய பாதையில் மறுபடியும் மெல்லிய பனி படிகிறது. போய் இன்னும் உப்புப் போடவேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.